ஒரு பேச்சுப் போட்டியும் அந்த முதல் 24 மணி நேரமும்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஜூன் 26 சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கு ஆதரவான சர்வதேச நாள், அதை ஒட்டி வைத்த போட்டி. தலைப்பு 'காவலில் சித்திரவதை: தடுக்கும் வழிகள்'. கல்லூரி மாணவர்களிடம் இந்தத் தலைப்பைக் கொடுக்கவே ஒரு துணிச்சல் வேண்டும், அதை ஏற்பாடு செய்த தமிழ்த் துறை ஆசிரியர்களுக்கு முதலில் ஒரு நன்றி.

இருபது பேருக்குப் பக்கம் பேசினார்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம், நாலாவது நிமிஷத்தில் ஒரு மணி, ஐந்தில் இரண்டு மணி. மேடைத் தமிழ் எல்லோருக்கும் நன்றாக வந்தது. தயாரிப்பும் இருந்தது. தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சாத்தான்குளம் சொல்லாத பேச்சே இல்லை, பெரும்பாலானவர்கள் கோயில் காவலாளி ஒருவர் இறந்த திருப்புவனம் சொன்னார்கள், அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் என்பதால் 2023-இல் விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாக எழுந்த புகாரையும் பலர் சொன்னார்கள். ஆனால் கொடுத்த ஐந்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் காயங்களைப் பற்றியே போனது. எத்தனை காயம், எங்கே காயம், எதனால் அடித்தார்கள், எப்படிக் கத்தினார்கள். மீதி ஒரு நிமிஷம், அடித்தவர்களைத் தூக்கில் போட வேண்டும் என்பதற்கு. தடுக்கும் வழிக்கு நேரமே மிஞ்சவில்லை. மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. பத்திரிகையிலும் டிவி விவாதத்திலும் சட்டமன்றத்திலும் பெரியவர்கள் நாம் இதைத்தான் செய்கிறோம், ஒரு உயிர் போன பிறகு பேசத் தொடங்கி, அடுத்த செய்தி வந்ததும் நிறுத்திவிடுகிறோம்.

கீழ் நீதிமன்றங்களில் வழக்காடுகிறவள் நான். ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்காக, கொண்டுவரப்படும் ஆட்களை நாள்தோறும் பார்க்கிறேன். செத்துப்போகாதவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நொண்டிக்கொண்டு வந்து "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுச் சிறைக்குப் போகிறவர்கள் செய்தியாவதில்லை, அவர்களுக்காக யாரும் போட்டி வைப்பதும் இல்லை.

அன்றைக்குக் கைதட்டல் அதிகம் வாங்கியது ஒரு பையன். என்ன குரல், என்ன வேகம். 'காவல்துறை உங்கள் நண்பன்' என்ற வாசகத்தை எடுத்துக்கொண்டு நண்பன் இப்படிச் செய்வானா என்று அடுக்கடுக்காகக் கேட்டபோது அரங்கமே எழுந்துவிட்டது. ஆனால் கடைசி நிமிஷத்தில் அவன் சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "அப்பாவிகளை அடிக்காதீர்கள், அடிப்பதென்றால் பெண்ணைச் சிதைத்தவர்களை அடியுங்கள், ஹைதராபாத் போலீஸ் செய்ததைப் போல நாலு பேரையும் சுட்டுத் தள்ளுங்கள், நாங்கள் பூத்தூவுகிறோம்" என்றான். அதற்கும் அதே அளவு கைதட்டல்.

ஹைதராபாத்தில் என்ன நடந்தது என்று அவனுக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2019 டிசம்பர் 6 விடியற்காலையில், ஒரு பெண்ணைச் சிதைத்துக் கொன்றதாகக் கைதாகிப் போலீஸ் காவலில் இருந்த நாலு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு தப்பி ஓடப் பார்த்தார்கள் என்றது போலீஸ். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, போலீஸ் சொன்ன கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. அந்த நாலு பேர் மீதான வழக்கு எந்த நீதிமன்றத்திலும் நடக்கவே இல்லை. குற்றம் செய்தது அவர்கள்தானா என்று சாட்சியத்தை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அன்றைக்கே போய்விட்டது. சாத்தான்குளத்துக்கு அழுத அதே ஐந்து நிமிஷப் பேச்சுக்குள் இதற்கும் இடம் இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஏனென்றால் லாக்கப்புக்குள் போகிறவன் யாருமே 'அப்பாவி' என்று எழுதி ஒட்டிக்கொண்டு போவதில்லை. உள்ளே போகும்போது அவன் திருடன், ரவுடி, சந்தேக நபர். அப்பாவி என்ற பட்டம் செத்த பிறகுதான் கிடைக்கிறது. யாரை அடிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை ஒரு சிறப்பு எஸ்ஐயின் கையில் கொடுத்துவிட்டு, தப்பான ஆளை அடிக்காதே என்று கேட்டால் அது நடக்கிற காரியமா?

அடுத்து சில பேர் தள்ளி ஒரு பெண் வந்தாள். மூன்றாம் ஆண்டு வணிகவியல். குரல் மெல்லியதுதான், மைக்கைச் சரிசெய்யவே நேரம் போனது. எடுத்த எடுப்பில் சொன்னாள்: "ஒண்ணாம் வகுப்புல சேர்க்கும்போது எங்க அப்பா வாத்தியார்கிட்ட சொன்னாங்க, கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் தோலை உரிச்சிடுங்க சார்." எல்லோரும் சிரித்தார்கள். இங்கே அதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் யார்? சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "அதே பேச்சைத்தான் வளர்ந்த பிறகு ஸ்டேஷன்ல போய் பேசுறோம். நாலு தட்டு தட்டுங்க சார், தானா சொல்லுவான்னு." அப்புறம் மாவுக்கட்டுக்கு வந்தாள். கையில் மாவுக்கட்டோடு கைதிகள் வரிசையாக நிற்கும் படம், கழிவறையில் வழுக்கி விழுந்தார்கள் என்று கூடவே ஒரு செய்திக் குறிப்பு, அதற்குக் கீழே நாம் போடும் சிரிப்புப் படங்கள். "இந்தப் படத்தை ஃபார்வர்ட் பண்ணாதவங்க கை தூக்குங்க" என்றாள். தூக்கியவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். "ரெண்டு கையும் ஒடிஞ்சவங்க அத்தனை பேரும் ஒரே பாத்ரூம்லயா விழுந்தாங்க? நமக்கு அது பொய்னு தெரியும். தெரிஞ்சேதான் சிரிக்கிறோம். அந்த சிரிப்பு ஸ்டேஷன்ல இருக்கிறவங்களுக்கும் கேக்குது." அதற்குள் இரண்டு மணியும் அடித்துவிட்டார்கள், முடிவுரை சொல்லாமலேயே இறங்கிவிட்டாள்.

நடுவர்கள் மூன்று பேரில் ஒருவர் மொழிநடை, உச்சரிப்பு, மேடைத் தோற்றம் என்று தனித்தனியாக மதிப்பெண் கூட்டிப் பார்த்து அந்தப் பையனுக்கே முதல் பரிசு என்றார். மதிப்பெண் தாளின்படி அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் இன்னொருவரும் தலைப்பை ஒட்டிப் பேசியது யார் என்று பார்க்கச் சொன்னோம். கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. முதல் பரிசு அந்தப் பெண்ணுக்குப் போனது, அவனுக்கு இரண்டாவது.

என் கட்சிக்காரர்களிடமே இதைப் பார்க்கிறேன். மகனைக் கூட்டிப்போய் அடித்துவிட்டார்கள் என்று கண்ணீரோடு வரும் அதே தகப்பன், கொஞ்ச நாள் கழித்து வீட்டில் நகை காணாமல் போனால், "வேலைக்காரப் பொம்பளையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு சும்மா கேட்டுட்டு அனுப்பிட்டாங்கம்மா, நல்லா விசாரிக்கச் சொல்லுங்க" என்கிறார். நல்லா விசாரிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருப்புவனத்தில் நடந்ததும் இங்கே தொடங்கியதுதான். மடப்புரம் காளி கோயிலுக்கு வந்தவர்களின் காரில் இருந்த நகை காணவில்லை என்று ஒரு புகார். அங்கே காவலாளியாக இருந்த அஜித்குமார் மேல் சந்தேகம். எஃப்ஐஆர் போடாமலேயே சிறப்புக் குழு எப்படி விசாரணையில் இறங்கியது என்று பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. 2025 ஜூன் 28 அன்று அவர் இறந்துபோனார். உடற்கூறாய்வில் 44 காயங்கள். சித்திரவதைக்கு எதிரான நாள் என்று கருத்தரங்கம் நடத்தி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது.

போட்டி முடிந்து நடுவர் உரை என்று பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அதில் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடி விழுவது பெரும்பாலும் முதல் இரவில். "விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறோம், காலையில அனுப்பிடுவோம்" என்று சொல்லி ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். கைதும் இல்லை, சாட்சியும் இல்லை, சட்டத்தில் இப்படி ஒரு இடைநிலையே கிடையாது. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். சாட்சியாகத்தான் கூப்பிடுகிறோம் என்றால் அதற்கும் எழுத்தில் உத்தரவு வேண்டும், பெண்களையும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யத் தேவையில்லை, நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் இருக்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி கூட்டிப்போன ஆளை வியாழக்கிழமை காலை பஸ் நிலையத்தில் கைது செய்ததாக எழுதிவிட்டால் 24 மணி நேரம் என்ற கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். நடுவில் போன இரண்டு ராத்திரிக்குக் கணக்கே இல்லை.

என் சீனியர் காலத்து வக்கீல்கள் இதற்குத் தந்தி அடிப்பார்கள். ஆளைக் கூட்டிப்போன உடனே கலெக்டருக்கும் எஸ்பிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஒரு தந்தி. தந்தியில் தேதியும் நேரமும் இருக்கும், தபால் ஆபீஸ் முத்திரை இருக்கும், பின்னால் யாரும் அதை மாற்ற முடியாது. பல ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு) மனுக்களில் அந்தத் தந்தி ரசீதுதான் முதல் ஆவணம். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியபோது ஊரெல்லாம் பழைய நினைவுகளைப் பேசிக்கொண்டிருந்தது, நீதிமன்ற வளாகத்தில் மட்டும் இனி என்ன செய்வது என்று கேட்டோம். இப்போது அந்த வேலையைச் செய்ய மின்னஞ்சல், பதிவுத் தபால், முதல்வர் தனிப்பிரிவுக்கு இணையத்தில் போடும் மனு என்று எத்தனையோ இருக்கின்றன. எதில் அனுப்பினாலும் சரி, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் வந்து கூட்டிப்போனார்கள் என்பது அந்த இரவே எங்காவது பதிவாகிவிட வேண்டும். தன்னைப் பற்றி வெளியே ஒரு காகிதம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஸ்டேஷனுக்குத் தெரிந்தால் அங்கே நடப்பது மாறும். கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கைதுக் குறிப்பு எப்படி வந்தது என்பதை மாணவர்களிடம் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன், ஏனென்றால் அது ஒரு கடிதத்திலிருந்து வந்தது. 1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே.பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு. கைது செய்கிறவர் பெயர் தெரியும்படி பட்டை அணிய வேண்டும் என்பதில் தொடங்கி, உடலில் ஏற்கெனவே உள்ள காயங்களைக் கைதின்போதே குறிப்பது, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க விடுவது என்று 11 கட்டளைகள். இப்போது 2024 ஜூலையிலிருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவற்றில் பெரும்பகுதி சட்டப் பிரிவுகளாகவே இருக்கிறது. அதே புதிய சட்டம்தான், முன்பு முதல் 15 நாளுக்குள் மட்டும் கேட்க முடிந்த போலீஸ் காவலை 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் துண்டு துண்டாகக் கேட்கலாம் என்றும் மாற்றியிருக்கிறது. சிறைக்குப் போனால் அடி நின்றுவிடும் என்ற ஆறுதலும் இதனால் குறைந்துபோனது. இதைப் பற்றி யாராவது ஒரு மாணவர் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

ரிமாண்ட் நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் கேட்பார், "போலீஸ் மேல ஏதாவது புகார் இருக்கா?" கேட்கும்போது அடித்த போலீஸ்காரர் கைதிக்கு ஒரு முழம் பின்னால் நிற்பார். இங்கிருந்து சிறைக்குக் கூட்டிப்போகும் வண்டியிலும் அவரேதான் வருவார். அவன் வேறென்ன சொல்வான்? "இல்லீங்கய்யா." உத்தரவில் 'புகார் இல்லை' என்று பதிவாகும். போலீஸை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவனை நாலு எட்டு நடக்கச் சொல்லி, உள்ளங்காலைக் காட்டச் சொல்லிப் பார்க்கும் மாஜிஸ்திரேட்டுகளையும் பார்த்திருக்கிறேன். லாடம் கட்டியிருந்தால், அதாவது உள்ளங்காலில் அடித்திருந்தால், நடையிலேயே தெரிந்துவிடும். இதற்கு இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அப்படிப் பார்க்கிறவர் அந்த நீதிமன்றத்தில் இருக்கும்வரை அந்த எல்லைக்குட்பட்ட ஸ்டேஷன்களில் கை கொஞ்சம் அடங்கியே இருக்கும்.

டாக்டரும் அப்படித்தான். ராத்திரி பத்து மணிக்கு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் விபத்து கேஸ்களுக்கு நடுவில் ஒரு கைதியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஃபிட்னஸ் ஒண்ணு போட்டுக் குடுங்க டாக்டர், ரிமாண்டுக்கு நேரமாச்சு" என்பார்கள். சித்திரவதையை மருத்துவ முறைப்படி ஆவணப்படுத்துவதற்கென்று ஐநா வெளியிட்டிருக்கும் இஸ்தான்புல் நெறிமுறை, பரிசோதனை தனியாக நடக்க வேண்டும், போலீஸ் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது என்கிறது. இங்கே சட்டையைக் கழற்றாமலேயே சான்று எழுதப்படுவதும் உண்டு.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 19, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜைக் கூட்டிப்போனார்கள், அவரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போன மகன் பென்னிக்ஸையும் அங்கேயே பிடித்து வைத்தார்கள். கைதே தேவைப்படாத ஒரு விஷயம். மறுநாள் மருத்துவச் சான்று இருந்தது, ரிமாண்ட் உத்தரவு இருந்தது, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறையில் சேர்த்த பதிவும் இருந்தது. ஒருவர் 22-ஆம் தேதியும் மற்றவர் 23-ஆம் தேதியும் இறந்தார்கள். அந்த இருவரைச் சுற்றி ஒரு டாக்டர், ஒரு மாஜிஸ்திரேட், ஒரு சிறை என்று மூன்று கதவுகள் இருந்தன, ஒன்றுகூட அவர்களைத் தடுத்து நிறுத்தி என்ன நடந்தது என்று கேட்கவில்லை. போட்டியில் பேசியவர்களில் ஒருவர்கூட இந்த இடத்தைத் தொடவில்லை. உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, விசாரணைக்குப் போன வேறொரு மாஜிஸ்திரேட்டுக்கு ஸ்டேஷனிலேயே ஒத்துழைப்பு இல்லை என்று அறிந்து, அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்லியது. கேமரா இருந்தது, பதிவு செய்து வைக்கப் போதுமான இடமும் இருந்தது, ஆனால் பதிவுகள் அன்றாடம் தானாகவே அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள் என்று அந்த மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார். உள்ளே நடந்ததைச் சொல்ல முன்வந்தவர் அங்கேயே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவருடைய தைரியத்தைப் பற்றியே ஒரு பேச்சுப் போட்டி வைக்கலாம்.

அதே 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம் என்று ஒவ்வோர் இடத்தையும் பெயர் சொல்லிக் கேமரா வைக்கச் சொன்னது, ஒலியோடு, முடிந்தால் 18 மாதம் வரை பாதுகாக்க வேண்டும் என்று. நல்ல தீர்ப்பு. அதற்கு வந்த பதில் என்ன? ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகாமல் வெளியிலேயே வைத்து அடிப்பது. திருப்புவனத்தில் அதுதான் நடந்தது, கோயிலுக்குப் பின்னால் அவரை அடிப்பதை யாரோ ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் எடுத்ததால்தான் வெளியே வந்தது. ஸ்டேஷன் கேமராவில் தேடினால் எதுவும் கிடைத்திருக்காது. அதனால்தான் கூட்டிப்போன நேரத்தையும் இடத்தையும் குடும்பமே பதிவு செய்வது இவ்வளவு முக்கியம் என்கிறேன்.

உரை முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்தார். அப்பா காவல்துறையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார், "மேடம், அப்படின்னா திருடினவன்கிட்ட உண்மையை எப்படித்தான் வாங்குறது? மேல இருந்து போன் மேல போன் வரும், ரெண்டு நாள்ல ரெக்கவரி காட்டலைன்னா அப்பாவுக்கு மெமோ வரும். லீவும் கிடையாது."

இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் சொல்லாமல் சித்திரவதைத் தடுப்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிறேன். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் மட்டும், அந்தப் பொருளுக்குத் தொடர்பான பகுதி செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 பிரிவுகள், இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-ஆவது பிரிவு. அடிக்கிற அடியெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு சின்ன வாசலுக்காகத்தான், ரெக்கவரிக்காக, களவுபோன பொருளை மீட்டுக் காட்டுவதற்காக. தடயம், கைரேகை, போன் பதிவு, அடகுக் கடைக் கணக்கு என்று தேட ஆளும் நேரமும் பயிற்சியும் கொடுக்காமல் இரண்டு நாளில் நகை வேண்டும் என்றால் கீழே இருப்பவர் லத்தியைத்தான் எடுப்பார். மேலே இருந்து போன் செய்கிறவர் ஒருநாளும் வழக்கில் சிக்குவதில்லை. அந்த மாணவரின் அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் மேல் நிறைய இருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான் இருந்தது. 1970-களில் குண்டுவெடிப்பு வழக்குகளில் ஒப்புதல் வாக்குமூலத்தை நம்பி ஆயுள் தண்டனை கொடுக்கப்பட்டவர்கள், கில்ட்ஃபோர்டு வழக்கில் நாலு பேர், பர்மிங்காம் வழக்கில் ஆறு பேர், ஏறக்குறைய பதினைந்து ஆண்டு சிறையில் கழித்த பிறகு நிரபராதிகள் என்று வெளியே வந்தார்கள். அந்தக் குண்டுகளை வைத்ததற்காக வேறு யாரும் தண்டிக்கப்படவே இல்லை. அதற்குப் பிறகு அங்கே விசாரணை முறையையே மாற்றினார்கள். ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டுவிட்டு, தகவலைச் சேகரிப்பதற்கான கேள்வி முறையை எல்லாப் போலீஸாருக்கும் பயிற்சியாகக் கொடுத்தார்கள், விசாரணை முழுக்க ஒலிப்பதிவோடு. அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் சித்திரவதைக்கு ஆளாகி, பின்னாளில் ஐநாவின் சித்திரவதைக்கான சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஹுவான் மெண்டஸ் பெயரில் 2021-இல் வந்த கோட்பாடுகளும் இதைத்தான் சொல்கின்றன. வலி தாங்காதவன் எதைச் சொன்னால் அடி நிற்குமோ அதைச் சொல்வான். அடிக்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை.

இன்னொன்று, இது இன்று நேற்று வந்ததில்லை. 1855-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதையை விசாரிக்க ஒரு ஆணையமே உட்கார்ந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். நிலவரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடியானவர்களை என்ன செய்தார்கள் என்று அந்த அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. விரல்களையும் தொடையையும் நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள். வரி வாங்குகிறவரும் போலீஸும் ஒரே ஆளாக இருந்தது பெரிய காரணம் என்று கண்டார்கள். அதன் பிறகு 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற விதியும் இந்தக் காலத்தில் வந்ததுதான், போலீஸை நம்ப முடியாது என்று வெள்ளைக்கார அரசுக்கே தெரிந்திருந்தது. 170 ஆண்டு ஆன பிறகும் அந்த விதி நமக்குத் தேவைப்படுகிறது.

சட்டம் வந்தால் சரியாகிவிடும் என்று சில மாணவர்கள் பேசினார்கள். சட்டம் வேண்டும்தான். சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது, ஆனால் அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போய் அதோடு காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் ஒரு வரைவையும் எழுதிக் கொடுத்தது. ஆனால் இலங்கையைப் பாருங்கள், 1994-லேயே தனிச் சட்டம், குறைந்தது ஏழு ஆண்டு தண்டனை. அங்கே லாக்கப் அடி நின்றுவிட்டதா? அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். முதல் இரவில் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் தண்டனைப் பிரிவு புத்தகத்திலேயே கிடக்கும்.

இந்தத் தலைப்பில் போட்டி நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஐந்து நிமிஷப் பேச்சோடு முடிக்காமல் இரண்டாவது சுற்று ஒன்று வையுங்கள். ஒரு கற்பனையான கைதுக் காகிதத்தைக் கையில் கொடுத்து, நீ இரவுப் பணி டாக்டர், நீ மாஜிஸ்திரேட், நீ அவனுடைய தங்கை, நீ அந்த ஸ்டேஷன் எழுத்தர், இப்போது என்ன செய்வாய், என்ன கேட்பாய் என்று பேசச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு அந்த நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்கள். குரூப் தேர்வுக்கும் எஸ்ஐ தேர்வுக்கும் படிக்கிறவர்கள் அந்த அரங்கத்திலேயே இருந்தார்கள்.

படிக்கிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: கைது செய்யப்பட்ட எவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு, சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். கூட்டிப்போன நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். தென்மாவட்டங்களில் எந்தக் கல்லூரி இப்படி ஒரு இரண்டாம் சுற்று நடத்தினாலும் எனக்கு எழுதுங்கள், வந்து உட்கார்ந்து கேட்கிறேன், மாதிரிக்குக் கைதுக் குறிப்பு படிவங்களும் கொண்டு வருகிறேன்.